ஆறாவது கோச்சு வீட்டுக்குப் போன அரிசி

ராஜமாணிக்கம் யாரையாவது நீக்குவதென்றால் வாயால் சொல்ல மாட்டார். அரிசி அனுப்புவார். சொந்தக் கழனியில் விளைந்த புழுங்கலரிசி, இருபத்தைந்து கிலோ சிப்பம் ஒன்று, அதன் மேல் மடித்து வைத்த சால்வை ஒன்று. அது யார் வீட்டு வாசலில் இறங்குகிறதோ, அவர் அன்றோடு புதுவாயல் யங் பாய்ஸ் புட்பால் கிளப்பின் கோச்சு இல்லை.

இப்படி நான்கு வருஷத்தில் ஐந்து சிப்பம் போயிருந்தது. முதலில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டருக்கு. அடுத்து ராஜமாணிக்கத்தின் சொந்த அக்கா மகனுக்கு. அதோடு அக்கா வீட்டுப் பேச்சுவார்த்தையும் நின்றது. பிறகு ரயில்வே கேட் கீப்பர், அப்புறம் ராணுவத்தில் இருந்து வந்தவர். ஐந்தாவது ஆள் கூட்ரோட்டில் டீக்கடை வைத்திருந்த கேரளாக்காரர். கேரளாக்காரர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி எதுவும் இல்லை, அவரும் இருப்பதாகச் சொல்லவில்லை.

ராஜமாணிக்கம் தலைவர் ஆனதற்குக் காரணம் மைதானம் அவருடையது என்பதுதான். தை மாத அறுவடை முடிந்ததும் அவருடைய மூன்று ஏக்கர் கழனியில் வரப்பை வெட்டித் தள்ளி, அறுத்த நெல் தாளை மிதித்துச் சமன் செய்து, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டால் மைதானம். மறுபடி ஏர் இறங்கும்வரை அங்கே பந்து ஓடும். மேற்குப் பக்கம் வாய்க்காலை நோக்கிச் சரிவு என்பதால் சில சமயம் யாரும் உதைக்காமலேயே ஓடும்.

அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. எட்டு ஊர் கப்பு ஒருமுறையாவது புதுவாயலுக்கு வரவேண்டும். ஏழு வருஷமாக அதைக் கவரைப்பேட்டை தூக்கிக்கொண்டு போகிறது. போனால் போகட்டும் என்று விட முடியாது, ஏனென்றால் கவரைப்பேட்டை கிளப்பின் தலைவர் அவருடைய மச்சான் பரசுராமன். பூவம்மாளின் கூடப்பிறந்த தம்பி. ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு கப்பை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் கப்பை வைத்துவிட்டு இலையில் உட்காருவான். பூவம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருப்பாள். தோற்ற வயிற்றெரிச்சலோடு ஜெயித்த மச்சானுக்கு இரண்டாவது கரண்டி குழம்பு ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் ராஜமாணிக்கத்தின் கஷ்டம் புரியும்.

ஆறாவது கோச்சு ஹனீப் பாய். பூர்வீகம் பழவேற்காடு, புதுவாயல் கூட்ரோட்டில் செருப்புக் கடை, அதன் பின்னாலேயே வீடு. பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தார். கிளப் வரலாற்றில் இதுதான் அதிகம். அதில் ஏழு மாதம் கழனியில் நெல் நின்றதால் யாரும் ஆடவில்லை, ஆடாததால் தோற்கவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006-ல் அவர் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுவந்துவிட்டார். ஆனால் அதற்கு முந்தைய லீக் ஆட்டத்தில், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்ற ஆட்டத்தில், எளாவூரிடம் மூன்று கோல் வாங்கினார்கள். மறுநாள் காலை அரிசி கிளம்பியது.

பூவம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து மடவை மீனைச் சாம்பல் தொட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அடுக்குல ஒரு சிப்பம் கொறையுது. யாரு ஊட்டுக்குப் போவுது?"

"பாய் ஊட்டுக்கு."

"அந்த மனுசன் இன்னா பண்ணாரு?"

"மூணு கோலு வாங்கினு வந்தாரு."

"அவரா வாங்கினாரு? கோலுல நின்னுக்கினு தூங்கினது அன்புசெல்வன்."

"கோல்கீப்பரை மாத்த முடியாது பூவு. ஊருக்கே அவன் ஒருத்தன்தான். கோச்சுன்னா ரோட்டுல நின்னா கெடைப்பாங்க."

"எங்க தம்பி பதினோரு வருசமா அதே கோச்சு மணவாளனை வச்சிக்கினு கீறான். ஒரு நாளு மாத்துனானா?"

"ஜெயிக்கிறவன் யாரை வேணா வச்சிக்குவான்."

"வச்சிக்கினதாலதான் ஜெயிக்கிறான்."

"ஜெயிக்கிறதாலதான் வச்சிக்கினு கீறான்."

இந்தப் பேச்சு ஒவ்வொரு சிப்பம் கிளம்பும்போதும் நடக்கிறது. இருவரும் ஒரு வார்த்தை கூடக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. பூவம்மாள் மட்டும் அன்று புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்.

"டிராக்டர் டிரைவரு ஒம்போது பேரு. மோட்டாரு மெக்கானிக்கு ஆறு பேரு. கோச்சு ஆறு பேரு. என்னை மட்டும் இருவத்தினாலு வருசமா எப்பிடி உட்டு வச்சீங்க?"

"பத்திரத்துல உன் கயினியும் சேர்ந்துல்ல கீது, உன்னை உட்டா அதுவும் போயிடுமே" என்று சொல்லிவிட்டு, அவள் மீனை எறிவதற்குள் ராஜமாணிக்கம் வெளியே வந்துவிட்டார்.

அரிசி கொண்டுபோனது கிளப் செயலாளர் துளசிராமன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுகிற நல்ல மனிதர். டிவிஎஸ் வண்டியில் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

"எறக்கிட்டியா துளசி?"

"எறக்கிட்டேன் தலைவரே. உள்ள எடுத்துக்கல."

"பாய் இன்னா சொன்னாரு?"

"பாய் ஒண்ணியும் சொல்லல. ஒரு செருப்புக்கு அடி ஒட்டிக்கினு இருந்தாரு, ஒட்டிக்கினே இருந்தாரு. அவரு சம்சாரம் ஆரிபாம்மாதான், 'புழுங்கலரிசியா, பிரியாணிக்குக்கூட ஆவாதே'ன்னுச்சு. அப்பால மூட்டையைத் தூக்கி கஸ்டமரு உக்கார்ற ஸ்டூலு மேல வைக்கச் சொல்லி, சால்வையை அதுக்குப் போத்திவுட்டுச்சு. 'உங்க தலைவரு மரியாதை, எல்லாரும் பாத்துட்டுப் போவட்டும்'னு ரோட்டைப் பாத்து வச்சிருச்சு."

கூட்ரோட்டில் கம்பெனி பஸ் மூன்று வேளையும் நிற்கும். சிப்காட்டுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் அங்கே இறங்கித்தான் டீ குடிப்பார்கள். சால்வை போர்த்திக்கொண்டு செருப்புக் கடையில் உட்கார்ந்திருந்த அரிசி மூட்டையை இரண்டு நாளில் பகுதி முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

ஏழாவது கோச்சு ஜெயராஜ் பெரம்பூரிலிருந்து வந்தார். சர்டிபிகேட் இருந்தது. தொப்பி, விசில், ஆரஞ்சு நிறக் கூம்புகள், தோளில் ஒரு வெள்ளைப் போர்டு. வந்த முதல் நாளே போர்டில் பதினோரு வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்பு விட்டு, ராஜமாணிக்கத்துக்கு விளக்கினார். ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இவர் எங்கே இருந்தார் என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் பயிற்சி. மாசி வெயில் இறங்காமல் நின்றது. ரோலிங் மில் புகை வடக்கே கருப்பாகப் படுத்திருந்தது. மைதானத்துக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவனுக்கு மிஷினில் விரல் நசுங்கி லீவு. ஒருவனுக்கு வேலையே இல்லை. மூன்றாவது அன்புசெல்வன், கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

"மத்தவங்க எங்கப்பா?" என்றார் ஜெயராஜ்.

"பி ஷிப்டு சார். ரெண்டு மணிக்குப் போனா பத்து மணிக்கு வருவாங்க."

"நீ ஏன் தூங்குற?"

"நானு சி ஷிப்டு சார். ராத்திரி பத்துக்குப் போனா காலையில ஆறுக்கு வருவேன். வந்து நாஷ்டா துன்னுட்டு, பசங்களை ஸ்கூல்ல வுட்டுட்டு, கண்ணை மூடுனா பயிற்சின்றாங்க."

"மேட்சு அன்னிக்கு எப்பிடி வருவீங்க?"

"பாய் இருந்தப்போ வந்தோம் சார்."

ராஜமாணிக்கத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "பாய் இருந்தா ஷிப்டு மாறிடுமா?" என்று கேட்டார்.

"பின்ன?" அன்புசெல்வன் கண்ணை முழுசாகத் திறந்தான். "சூப்பர்வைசருங்க எல்லாருக்கும் கம்பெனி ஷூ கடிக்கும் தலைவரே. இரும்பு மூக்கு வச்ச ஷூவு, புதுசுல காலு கொப்பளம் போட்டுரும். பாய்தான் அதை மரக்கட்டை உட்டு நாலு நாளு இழுத்து வச்சி, பதமா பண்ணிக் குடுப்பாரு. காசு வாங்க மாட்டாரு. ஷூவைக் குடுக்கும்போது, 'சார், ஞாயித்துக்கெழம நம்ம தணிகைவேலை காலையில ஏ ஷிப்டுல போடுங்க, ரெண்டு மணிக்கு வெளிய வந்துருவான்'னு ஒரு வார்த்தை போட்டுருவாரு. பதினோரு பேருக்கும் பதினோரு கம்பெனி. எவன் எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு எங்க பொண்டாட்டிங்களுக்கே தெரியாது, அவுருக்குத் தெரியும்."

"அப்போ ஆட்டத்தைப் பத்தி இன்னா சொல்லிக் குடுப்பாரு?"

"நல்லா ஓடுங்கடான்னு சொல்லுவாரு."

ஜெயராஜ் பத்து நாள் இருந்தார். ஒரு நாள் நான்கு பேர் வந்தார்கள், ஒரு நாள் இரண்டு பேர். ஒரு நாள் கூம்புகள் மட்டும் நின்றன. பதினொன்றாம் நாள் காலை ராஜமாணிக்கத்தின் வீட்டுக்கு வந்து, நின்றபடியே பேசினார்.

"சார், உங்களுக்குக் கோச்சு தேவையில்ல. டைம் ஆபீஸ் கிளார்க்குதான் தேவை. நான் கெளம்புறேன்."

ராஜமாணிக்கம் ஆடிப்போய்விட்டார். அவர் வாழ்க்கையில் ஒருத்தன், அரிசி வருவதற்கு முன்னாலேயே போவது இதுதான் முதல் தடவை. ஏழாவது சிப்பத்தைத் தைத்துக்கூட வைத்திருந்தார். "கோச்சு நம்மள தூக்கிட்டாரு போல கீதே" என்றாள் பூவம்மாள், சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு.

இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆளில்லாமல் மைதானத்தில் இறங்கினால் மச்சானிடம் தோற்பதுகூட இல்லை, ஆடாமலே கப்பைக் கொடுக்க வேண்டியதுதான். அதை நினைத்தால் ராஜமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு அவரே கூட்ரோட்டுக்குப் போனார்.

கடையில் ஹனீப் மரக்கட்டையில் ஒரு ஷூவை ஏற்றித் திருகிக்கொண்டிருந்தார். கல்லாவில் ஆரிபா. ஸ்டூலில் அரிசி மூட்டை, சால்வையோடு. உட்கார வேறு இடமில்லை. ராஜமாணிக்கம் நின்றார்.

"வாங்கண்ணா" என்றாள் ஆரிபா. "உக்காருங்கன்னு சொல்லலாம், ஆனா நீங்க அனுப்புனவரு உக்காந்துக்கினு கீறாரு."

"தப்பாப் போச்சும்மா."

"இன்னா தப்பு? நல்ல அரிசிதான். கல்லு இல்ல, புழு இல்ல."

"பாய், நீயாச்சும் பேசேன்."

ஹனீப் திருகுவதை நிறுத்தினார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"தோத்தா திட்டுங்க தலைவரே. கயினில நிக்க வச்சி, ஊரு பாக்கத் திட்டுங்க. வாங்கிக்கிறேன். ஊட்டுக்கு மூட்டை அனுப்பாதீங்க. எம்பொண்ணு சிஃபாவை ஸ்கூல்ல புள்ளைங்க கேக்குதாம், 'உங்க அத்தாவ தூக்கிட்டாங்களாமே'ன்னு. ரெண்டு நாளு அது என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. சம்பளமா வாங்கினேன்? பந்து ஆடுறத பாக்கப் புடிக்கும், அவ்ளோதான். அதுக்குப் போயி இவ்ளோ அசிங்கமா?"

பாய்க்கு முன்னால் ராஜமாணிக்கம் ஐந்து வீட்டுக்கு அரிசி அனுப்பியிருக்கிறார். அந்த ஐந்து வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன என்பது அவருக்கு அன்றுதான் தோன்றியது.

"திரும்ப வா பாய். நானே கேக்குறேன்."

"வருவாரு" என்றாள் ஆரிபா. "ஆனா ஒண்ணு. அஞ்சு வருசம். கப்பு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அதை இந்தக் கடையில சொன்னா செல்லாது. ஆட்டத்தன்னிக்கு ஜனம் பூரா நிக்கும்போது சொல்லணும்."

"அஞ்சு ஜாஸ்தி தங்கச்சி. ரெண்டு வச்சிக்கலாம்."

"பேரம் பேசறதுக்கு செருப்பா வாங்க வந்தீங்க?"

ராஜமாணிக்கம் அஞ்சு என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வர, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வலித்தது. மூட்டையை அவரே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். ஆரிபா சால்வையை மடித்து அதன் மேல் வைத்தாள்.

அடுத்த எட்டு நாளும் ஹனீப் கடையில் இல்லை. ஷூக்களைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி வாசல் வாசலாக நின்றார். இரும்புத் தூள் பறக்கிற வாசல், உலைச் சூடு அடிக்கிற வாசல், மீன் தீவன நாற்றம் வீசுகிற வாசல். சனிக்கிழமை மாலை ராஜமாணிக்கத்திடம் வந்து ஒரு பழைய ஷூ அட்டைப்பெட்டி மூடியை நீட்டினார். அதன் பின்புறம் பதினோரு பெயர்; பத்துப் பெயருக்கு எதிரே 'ஏ'. அன்புசெல்வனுக்கு மட்டும் 'ஆஃப் - தூங்கவும்' என்று எழுதியிருந்தது.

ஞாயிறு நான்கு மணிக்கு எட்டு ஊரும் ராஜமாணிக்கத்தின் கழனி வரப்பில் நின்றது. பழவேற்காடு ஏரிக் காற்று உப்போடு வந்து முகத்தில் ஒட்டியது. பூவம்மாள் இரண்டு குடம் மோர் கரைத்து எடுத்து வந்திருந்தாள், ஒன்று புருஷன் அணிக்கு, ஒன்று தம்பி அணிக்கு. ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்து, "ஹனீப் பாய்தான் நம்ம கோச்சு. இன்னும் அஞ்சு வருசத்துக்கு, எது நடந்தாலும்" என்றார். ஒரு நொடி யாரும் நம்பவில்லை. பிறகு விசில் பறந்தது. "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா அக்கா?" என்று பரசுராமன் சத்தமாகவே கேட்டான்.

ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் கவரைப்பேட்டைப் பக்கம் சலசலப்பு. அவர்களுடைய கோல்கீப்பர் ஷாகிரைக் காணோம். மணவாளன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வரப்பில் இப்படியும் அப்படியும் நடந்தார். கடைசியில் விஷயம் தெரிந்தது. ஷாகிரும் தணிகைவேலும் ஒரே கம்பெனி. தணிகைவேலை பி ஷிப்டிலிருந்து எடுத்த சூப்பர்வைசர், அந்த இடத்தில் ஷாகிரைப் போட்டுவிட்டார்.

ராஜமாணிக்கம் ஹனீப்பை ஓரமாக இழுத்தார். "பாய், இது நீ பண்ண வேலையா?"

"சத்தியமா இல்ல தலைவரே. தணிகைக்குப் பதிலா ஒராளை போடுங்கன்னுதான் கேட்டேன். எந்த ஆளுன்னு கேக்கல." ஹனீப்பின் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "அந்தப் பையன் ஆசையா ஆடுவான். பாவம்."

கோலில் நிற்க கவரைப்பேட்டைக்காரர்கள் ஒரு பின்கள ஆட்டக்காரனை அனுப்பினார்கள். மற்ற பத்து பேரும் நன்றாகத்தான் ஆடினார்கள், புதுவாயலை விட நன்றாகவே ஆடினார்கள். அறுபது நிமிஷம் வரை கோல் இல்லை. அப்போது தணிகைவேல் தூரத்திலிருந்து ஒரு பந்தை உதைத்தான். அது உதைபட்ட வேகத்தில் பாதியிலேயே களைத்துப்போய், தாளில் இடறி, நின்றேவிட்டது போலிருந்தது. கோலில் நின்றவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். மேற்குச் சரிவு அவனுக்குத் தெரியாது. பந்து யோசித்து, மெதுவாக உருண்டு, அவன் குனிவதற்குள் காலுக்கிடையில் போய்விட்டது. நன்றாகத் தூங்கி எழுந்திருந்த அன்புசெல்வன் கடைசி அரை மணி நேரத்தில் நான்கு பந்துகளைத் தடுத்தான். ஒன்றுக்குப் பூஜ்யம்.

ராஜமாணிக்கம் கப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுததை மறைக்கவும் இல்லை. துளசிராமன் அவரைத் தூக்கப் பார்த்தார், தூக்க முடியாமல் கீழே வைத்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பரசுராமனின் குரல் கேட்டது.

"சொந்த கோல்கீப்பரு எந்த ஷிப்டுன்னு தெரியாத நீயெல்லாம் இன்னாய்யா கோச்சு? நாளையிலிருந்து கிளப்பு பக்கம் வராத. போய்யா!"

மைதானம் அடங்கிவிட்டது. பதினோரு வருஷம், ஏழு கப்பு. மணவாளன் கூட்டத்தை விட்டு விலகிப் போனார். வரப்பில் உட்கார்ந்து ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பூவம்மாள் மோர்க் குடத்தின் பக்கத்தில் நின்று தம்பியை வெறித்துப் பார்த்தாள்.

துளசிராமன் ராஜமாணிக்கத்தின் காதில் வாயை வைத்தார். "தலைவரே, சும்மா கெடைக்கிறாரு. மாவட்டத்துலயே அவரை மாதிரி கோச்சு கெடையாது. இப்பவே புடிங்க. பாய்க்கு வேற இன்னாவாச்சும் பதவி குடுத்துக்கலாம்."

உண்மையைச் சொல்ல வேண்டும். ராஜமாணிக்கத்துக்கு நாக்கு ஊறியது. மணவாளன் வந்தால் அடுத்த ஏழு வருஷமும் கப்பு இங்கேதான். அவர் கால்கள் அவரைக் கேட்காமலே வரப்பை நோக்கி நடந்தன. கோல் கம்பத்தில் வலையைக் கழற்றிக்கொண்டிருந்த ஹனீப் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிஃபா அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

ராஜமாணிக்கம் மணவாளனின் முன்னால் போய் நின்றார். அந்த முகத்தைப் பார்த்தார். நீக்கப்பட்டவனின் முகத்தைப் பக்கத்தில் நின்று அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரும்பி மச்சானிடம் போனார்.

"பரசு, அந்தாளை உடாத."

"இன்னா மாமா? உனுக்குத்தான லாபம். இஷ்டமிருந்தா நீ எடுத்துக்கோயேன்."

"அதுக்குத்தான்டா சொல்றேன். நீ உட்டா நானு எடுத்துக்குவேன்." ராஜமாணிக்கத்துக்கு மூச்சு வாங்கியது. "அஞ்சு வருசம்னு மைக்குல சொல்லி இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவல. அதுக்குள்ள அவரைக் கூப்புடணும்னு வாயில வந்து நிக்கிது. இன்னிக்கு அடக்கிக்குவேன். அடுத்த வருசம் ஒரு கோலு வாங்குனா அடக்க முடியாது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்டா, நானு அவ்ளோ நல்லவன் இல்ல. அவரு உன்கிட்ட இருந்தாத்தான் பாய் என்கிட்ட இருப்பாரு. வச்சிக்கோடா. உன் கால்ல வேணா விழறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு கையில் கப்போடு, எட்டு ஊர் பார்க்க, இருபது வயது இளைய மச்சானின் காலை நோக்கிக் குனிந்தார். ஜெயித்தவர் தோற்றவன் காலில் விழுவதை அந்தக் கழனி அதற்கு முன் பார்த்ததில்லை. பரசுராமன் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தான்.

"ஐயோ மாமா, எந்திரி! எல்லாரும் பாக்குறாங்க!"

"வச்சிக்கிறேன்னு சொல்லு."

"எந்திரி மொதல்ல!"

"சொல்லு."

பூவம்மாள் மோர் குவளையோடு வந்து தம்பியின் பக்கத்தில் நின்றாள். பரசுராமன் அக்காவைப் பார்த்தான், மாமாவின் முதுகைப் பார்த்தான், வரப்பைப் பார்த்தான்.

"சரி, வச்சிக்கிறேன். யோவ் மணவாளா, கோவத்துல சொல்லிட்டேன்யா. எந்திரிச்சி வா."

மணவாளன் உடனே எழுந்திருக்கவில்லை. ராஜமாணிக்கம்தான் எழுந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டதால் பாதியில் நின்றார். வலையை அப்படியே போட்டுவிட்டு ஹனீப் ஓடி வந்து தாங்கினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது.

"இன்னா தலைவரே, இவ்ளோ பயமா உங்கமேல உங்களுக்கு?"

"என்னை நம்பாத பாய்" என்றார் ராஜமாணிக்கம், அவர் தோளைப் பிடித்துக்கொண்டே. "அவரு ஷூவை மாட்டிக்கினாரான்னு பாத்துச் சொல்லு. அதுக்கப்பறம்தான் நானு அந்தப் பக்கம் திரும்புவேன்."